நிலம் நடுங்கும் முன்னே

மனிதனை வந்தடையும் ஆபத்துக்களில் பெரும்பாலானவை ஏதேனும் ஓர் அறிகுறியைக் காட்டிவிட்டே வருகின்றன. புயலுக்கு முன்னால் வானமும் கடலும் நிறம் மாறுகின்றன. வெள்ளத்துக்கு முன்னால் ஆற்றில் நீர் படிப்படியாக ஏறுகிறது. பஞ்சமோ மழை பொய்த்த மாதங்கள் பலவற்றுக்குப் பின்னரே வந்து சேருகிறது. பூகம்பம் ஒன்றுதான், எந்தத் தரையின்மீது காலூன்றி நின்று மற்ற ஆபத்துக்களையெல்லாம் எதிர்க்கிறோமோ அந்தத் தரையையே, நாள் குறிக்காமலும் நேரம் சொல்லாமலும், ஒரு சில விநாடிகளில் நிலைகுலையச் செய்துவிடுகிறது. இத்தகைய ஆபத்துக்கு எதிரே மனிதனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று எண்ணுவது இயற்கை. ஆனால் அந்த எண்ணம் தவறானது என்பதையும், பூகம்பத்தில் யார் பிழைப்பார், யார் மாள்வார் என்பது பூமி அசைவதற்கு நெடுநாட்களுக்கு முன்பே, ஒன்றும் நேராத சாதாரண நாட்களில், வீட்டுக்குள்ளும் தெருவிலும் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது என்பதையும் ஜப்பான் தேசத்தின் நூற்றாண்டு அனுபவம் ஐயமறக் காட்டுகிறது. அவ்வனுபவத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பூமி அசைவதன் காரணம்

பூமியின் மேலோடு ஒரே பாறையாலானதன்று. அது பல பெரும் பாளங்களாகப் பிளவுபட்டிருக்கிறது. அப்பாளங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற மிக மந்தமான வேகத்தில் ஒன்றையொன்று நெருக்கியும், உரசியும், ஒன்றன்கீழ் ஒன்று புகுந்தும் இடைவிடாது நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஜப்பான் தீவுகள் இருக்கும் பிரதேசத்தில் இத்தகைய பாளங்கள் நான்கு சந்திக்கின்றன. சந்திக்கும் விளிம்புகளில் பாறையும் பாறையும் பற்றிக்கொண்டு நகர மறுக்கும்போது, நகர்த்தும் விசை மட்டும் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகிறது. பாறை தாங்கக்கூடிய எல்லையை அது கடந்த கணத்தில், நெடுங்காலம் தடைப்பட்டிருந்த நகர்ச்சி முழுவதும் ஒரே மூச்சில் நிகழ்ந்துவிடுகிறது. அப்போது வெளிப்படும் சக்தி அலைகளாகப் பரவித் தரையை உலுக்குவதையே பூகம்பம் என்கிறோம்.

இச்சக்தியை அளப்பதற்கு அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் ரிக்டர் 1935-இல் ஓர் அளவையை வகுத்தார். அதனைத் திருத்தி அமைத்த அளவைகள் இன்று வழக்கில் இருக்கின்றன. இவ்வளவையில் எண் ஒன்று கூடினால் சக்தி சுமார் 32 மடங்கு கூடுகிறது. எண் இரண்டு கூடினால் ஏறத்தாழ 1,000 மடங்காகிறது. 1995-இல் கோபே நகரைத் தாக்கிய பூகம்பம் 7-ஐ ஒட்டியது. 2011-இல் ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரைக்கு அப்பால் சமுத்திரத்தின் அடியில் நிகழ்ந்ததோ 9. சக்தியில் ஆயிரம் மடங்கு சிறியதாயினும், ஜனநெருக்கம் மிகுந்த ஒரு நகரத்தின் காலடியிலேயே, ஆழம் குறைந்த இடத்தில் நிகழ்ந்தமையால் கோபேயில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஆகவே, பூகம்பத்தின் பருமன் ஒன்றே சேதத்தின் அளவை நிர்ணயிப்பதில்லை. அது எங்கே நிகழ்கிறது, யாருடைய வீட்டின் கீழ் நிகழ்கிறது, அந்த வீடு எத்தகையது என்பனவும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன.

குறிப்பிட்ட ஒரு பிரதேசத்தில் இன்னும் சில பத்தாண்டுகளுக்குள் பெரும் பூகம்பம் நிகழக்கூடும் என்ற அளவுக்கு விஞ்ஞானிகளால் மதிப்பிட்டுச் சொல்ல முடிகிறது. இந்த நாளில், இந்த ஊரில் என்று முன்னறிந்து சொல்ல எவராலும் இயலவில்லை. எனினும், பூமி அசையத் தொடங்கிய பிறகு கிடைக்கும் ஒரு சிறு அவகாசத்தை விஞ்ஞானம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. உடைந்த பாறையிலிருந்து இருவகை அலைகள் புறப்படுகின்றன. முதல் அலை விநாடிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் வேகத்தில் வந்து, லேசான அதிர்ச்சியை உண்டாக்குகிறது. பக்கவாட்டில் உலுக்கிக் கட்டடங்களை வீழ்த்தும் இரண்டாம் அலை ஏறத்தாழ அதன் பாதி வேகத்திலேதான் பின்தொடர்கிறது. மின்னலைக் கண்டபின் இடி வரப்போவதை அறிகிறோம் அல்லவா? அதைப் போலவே, முதல் அலையை உணர்ந்த கருவிகள் இரண்டாம் அலை வரப்போவதை அறிவித்துவிடலாம். ஜப்பானிய வானிலை நிலையம் 2007 அக்டோபர் முதல் இவ்வெச்சரிக்கையை வானொலி, தொலைக்காட்சி, கைபேசி வாயிலாகப் பொதுமக்களுக்கு வழங்கி வருகிறது. 2011-இல் செண்டாய் நகரத்தார்க்குக் கடும் அதிர்ச்சிக்கு முன் சுமார் 15 விநாடிகள் கிடைத்தன.

ஆனால், பூகம்பம் நிகழும் மையத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு இரண்டு அலைகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்துவிடுகின்றன. அபாயம் யாருக்கு அதிகமோ அவர்களுக்கே எச்சரிக்கை மிகக் குறைவு. ஐந்து விநாடி அவகாசத்தில் யோசித்து முடிவு செய்ய எவராலும் முடியாது. தரையில் தாழ்ந்து குனிவது, உறுதியான மேஜையின் கீழ் புகுந்துகொள்வது, அது நகர்ந்து போகாதபடி அதன் காலைப் பற்றிக்கொள்வது என்னும் மூன்றும் கேட்ட மாத்திரத்தில் உடம்பு தானே செய்யும் பழக்கமாக வேண்டும். அப்பழக்கத்துக்கு நல்ல மேஜையொன்று வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த மேஜைக்கு மேலே உள்ள கூரையும் நின்றாக வேண்டும்.

கொல்வது வீடு

1995 ஜனவரி 17 அதிகாலை 5 மணி 46 நிமிடத்துக்குக் கோபே நகரத்தார் பெரும்பாலோர் உறக்கத்தில் இருந்தார்கள். கடுமையான அதிர்ச்சி நீடித்தது சுமார் 20 விநாடிகளே. அதற்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் முற்றிலும் விழுந்துவிட்டன. பின்விளைவுகளால் இறந்தோரையும் சேர்த்து 6,434 பேர் மாண்டனர். இறந்தோரைப் பரிசோதித்த வைத்தியர்கள் கண்ட உண்மை, உடனடியாக இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் இடிந்த வீட்டின் கீழோ, சாய்ந்த மரச்சாமான்களின் கீழோ நசுங்கியும் மூச்சுத் திணறியும் இறந்தார்கள் என்பதும், அவர்களில் மிகப் பலர் முதல் சில நிமிஷங்களுக்குள்ளேயே இறந்துவிட்டார்கள் என்பதும் ஆகும். உலகத்திலேயே மிகச் சிறந்த மீட்புப் படை வாசலில் காத்திருந்தாலும் இவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது.

அவர்கள் எத்தகைய வீடுகளில் உறங்கினார்கள் என்பதைக் கவனித்தால் காரணம் விளங்கும். புயற்காற்றில் பறந்து போகாதிருக்கும் பொருட்டு, களிமண்ணைப் பரப்பி அதன்மேல் கனமான ஓடுகளைப் பதித்த கூரைகளைப் பழைய மரவீடுகள் தாங்கியிருந்தன. அக்கூரையைத் தாங்கும் தூண்களுக்கிடையே பக்கவாட்டு அசைவைத் தடுக்கும் குறுக்குச் சட்டங்களோ உறுதியான சுவர்களோ போதுமான அளவில் இல்லை. ஒருவகை ஆபத்தைத் தாங்குவதற்காகச் சேர்த்த பாரமே மற்றொரு ஆபத்தில் எமனாயிற்று. 1981-இல் ஜப்பான் தன் கட்டட விதிகளைக் கடுமையாகத் திருத்தியிருந்தது. அதற்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை அந்த அதிர்ச்சியிலும் நின்றன. இறந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள் என்பதற்கும், பழைய வீடுகளின் கீழ்த்தளத்தில் படுத்திருந்த முதியோரே அதிகம் என்பதற்கும் உள்ள தொடர்பு வெளிப்படை.

ஆகவே, ஆயத்தம் என்றதும் நம் மனத்தில் தோன்றும் உணவு மூட்டையும் கைவிளக்கும் இரண்டாவது இடத்துக்கே உரியவை. முதலிடம் வீட்டின் உறுதிக்கு. அஸ்திவாரத்தோடு தூணைப் பிணைப்பதும், குறுக்குச் சட்டங்களை ஏற்றுவதும், கூரையின் பாரத்தைக் குறைப்பதும் பழைய வீட்டையும் காப்பாற்றக்கூடிய வேலைகள். முழுவீட்டையும் பலப்படுத்தப் பொருள் வசதி இல்லாதவர்கள் படுக்கையறை ஒன்றை மட்டுமாவது பலப்படுத்திக்கொள்வது நலம். ஏனெனில், வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கை மனிதன் கழிப்பதும், ஓடி ஒளிய வகையின்றிக் கிடப்பதும் அவ்வறையிலேதான்.

அவ்வறைக்குள் ஒரு முறை கண்ணைச் செலுத்திப் பார்ப்போம். படுக்கையின் தலைமாட்டில் ஆறடி உயர மர அலமாரி ஒன்று துணிமணிகளோடு நிற்கிறது. அதன் உச்சியில், இடமில்லாத காரணத்தால், ஒரு பெட்டி ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. தரை பக்கவாட்டில் வீசி இழுக்கும்போது முதலில் பறப்பது அந்தப் பெட்டி. அடுத்துச் சாய்வது அலமாரி. அது படுத்திருப்பவர்மேல் விழாவிட்டாலும் கதவை மறித்துக்கொண்டு விழலாம். இரும்பு மூலைத்தகடுகள் இரண்டைக் கொண்டு அலமாரியின் மேற்பகுதியைச் சுவரோடு முடுக்கிவிட்டால் அபாயத்தில் பெரும்பகுதி நீங்குகிறது. ஆனால், திருகாணி மெல்லிய பலகையில் இறங்காமல், பலகைக்குப் பின்னுள்ள கட்டையில் இறங்க வேண்டும் என்பதை மறந்தவர்களின் அலமாரிகள் தகட்டையும் பிடுங்கிக்கொண்டு விழுந்திருக்கின்றன. கனமான பொருள்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்குவதும், கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பையும் கைவிளக்கையும் ஒரு பையிலிட்டுக் கட்டில் காலோடு கட்டி வைப்பதும் ஒரு மாலைப்பொழுது வேலைகளே. இருட்டில், உடைந்த கண்ணாடிமேல் வெறுங்காலோடு நடந்து காயமுற்றவர் தம்மையும் காத்துக்கொள்ள முடியாது. பக்கத்து அறையில் அழும் குழந்தையையும் எடுக்க முடியாது.

வீட்டுக்கு வெளியே ஓடுவதே பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியது. 1978-இல் மியாகி மாகாணக் கடலோரத்தில் நிகழ்ந்த பூகம்பத்தில் மாண்ட 28 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் உயிரைப் போக்கியவை தெருவோரத்து மதிற்சுவர்களும் வாயில் தூண்களும். கம்பியில்லாமல் உயர எழுப்பிய மதில், அதைக் கட்டியவரைவிட அதன் ஓரமாகப் பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கே அபாயமானது.

நெருப்பு

1923 செப்டம்பர் 1 அன்று தோக்கியோவையும் யோக்கஹாமாவையும் அழித்த பூகம்பம் முற்பகல் 11 மணி 58 நிமிடத்துக்கு நிகழ்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்காக வீடுதோறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்த வேளை. பலத்த காற்றும் வீசிக்கொண்டிருந்த நாள். சரிந்த மரவீடுகளில் தீப்பற்றி, இரண்டு நாட்கள் வரை எரிந்தது. இறந்தோரும் காணாமற்போனோரும் சுமார் 1,05,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோரை மாய்த்தது தீயே. தோக்கியோவின் ஹோஞ்ஜோ பகுதியில், ராணுவ உடைக் கிடங்கு இருந்து காலியான மைதானம் ஒன்றில் அடைக்கலம் புகுந்த ஜனங்களில் ஏறத்தாழ 38,000 பேர் அவ்விடத்திலேயே கருகி மாண்டனர். திறந்தவெளி என்று நம்பி வந்தவர்கள் தங்கள் மெத்தைகளையும் பெட்டிகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் உடன் கொண்டுவந்திருந்தார்கள். காற்றில் பறந்து வந்த தீப்பொறிகள் அந்தச் சாமான்களில் பற்றின. சுழற்காற்றாக எழும்பிய நெருப்பு தப்ப வழியில்லாமல் செய்துவிட்டது. உயிர் பிழைக்க ஓடும்போது பொருளை இழுத்துக்கொண்டு ஓடலாகாது என்ற பாடம் இவ்வளவு கொடிய விலைக்குக் கிடைத்தது. அந்தச் செப்டம்பர் 1-ஐயே 1960 முதல் ஜப்பானியர் ஆபத்துத் தடுப்பு நாளாக அனுசரித்து, பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் தெருக்களிலும் ஒத்திகை நடத்தி வருகின்றனர்.

ஆயத்தம் என்பது ஒருமுறை கற்று அப்படியே வைத்துக்கொள்ளும் வேதமன்று என்பதற்கும் நெருப்பே சாட்சி. அதிர்ச்சி தொடங்கியதும் முதலில் அடுப்பை அணை என்று நெடுங்காலம் கற்பித்தார்கள். கடும் அதிர்ச்சியில் தானே மூடிக்கொள்ளும் எரிவாயு மீட்டர்கள் பரவிய பிறகு, முதலில் உன்னைக் காத்துக்கொள், அசைவு நின்ற பின் அடுப்பைக் கவனி என்று பாடத்தை மாற்றினார்கள். கோபேயில் வேறொரு புது அபாயம் தெரியவந்தது. வீட்டைவிட்டு மக்கள் வெளியேறிய சில மணிநேரத்துக்குப் பின், துண்டிக்கப்பட்ட மின்சாரம் திரும்பவும் பாய்ந்தபோது, கவிழ்ந்து கிடந்த கணப்புகளிலிருந்தும் அறுந்த கம்பிகளிலிருந்தும் ஆளில்லாத வீடுகளில் தீ எழுந்தது. காரணம் கண்டறியப்பட்ட தீ விபத்துக்களில் பத்துக்கு ஆறு மின்சாரத்தால் விளைந்தவை. ஆகவே, வீட்டைவிட்டுப் புறப்படுமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது, ஒருவர் தம் தெரு முழுவதற்கும் செய்யும் உபகாரமாகும்.

அண்டை வீட்டாரே முதல் படை

கோபேயில் அன்று காலை தொலைபேசிகள் ஸ்தம்பித்தன. சாலைகளை இடிபாடுகள் மறித்தன. தண்ணீர்க் குழாய்கள் உடைந்து, தீயணைக்கும் குழாய்வாய்களில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் கூக்குரல் எழுந்தபோது, ஒரு நகரத்திலுள்ள தீயணைப்புப் படையும் போலீசும் அவ்வளவுக்கும் ஈடுகொடுப்பது நடவாத காரியம். இடிபாடுகளில் சிக்கிய சுமார் 35,000 பேரில், தக்க மதிப்பீடு ஒன்றின்படி, ஏறத்தாழ 27,000 பேரை வெளியே இழுத்தவர்கள் அவர்களுடைய குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே. கார் சக்கரம் கழற்ற வைத்திருந்த ஜாக்கியும், தச்சரின் ரம்பமும், கடப்பாரையும் அன்று செய்த வேலையைப் பெரிய யந்திரங்கள் செய்யவில்லை. இன்னொரு கணக்கு இதன் முக்கியத்துவத்தை எடுத்துக் காட்டுகிறது: கோபே தீயணைப்புப் படையினர் முதல் நாள் வெளியே எடுத்தவர்களில் நால்வருக்கு மூவர் உயிரோடு இருந்தனர், இரண்டாம் நாள் நால்வருக்கு ஒருவரே, மூன்றாம் நாள் அதனினும் குறைவு. முதல் நாளே உயிரின் நாள். அந்த முதல் நாளில் ஒருவர் அருகில் இருக்கக்கூடியவர் அவருடைய அண்டை வீட்டாரே.

கோபேக்கு எதிரே உள்ள அவாஜி தீவில் ஹோக்குதான் என்று ஒரு சிற்றூர். பூகம்ப மையத்துக்கு மிக அருகில் இருந்தது; ஊரின் வயல்களையும் பாதைகளையும் அறுத்துக்கொண்டு நிலப்பிளவு தரைக்கு மேலேயே தெரியும்படி ஓடியது. வீடுகள் ஏராளமாக விழுந்தன. ஆனால், அவ்வூரில் இடிபாடுகளில் சிக்கிய சுமார் 300 பேரை உள்ளூர்த் தொண்டர் தீயணைப்புக் குழுவினரும் ஊராரும் வெளியே எடுத்து, அன்று மாலைக்குள்ளாகவே ஊரிலுள்ள ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்பதைக் கணக்கிட்டுத் தேடுதலை முடித்துவிட்டார்கள். அக்குழுவினர் முழுநேரப் படையினர் அல்லர். உழவும் மீன்பிடியும் கடைவேலையுமாக வாழ்பவர்கள். வெளியூர்ப் படையிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருந்தது. இன்ன வீட்டுப் பாட்டி எந்த அறையில், எந்தச் சுவர் ஓரமாகப் படுப்பவர், இன்ன வீட்டுப் பையன் நேற்றிரவு ஊரில் இருந்தானா இல்லையா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, இடிந்த வீட்டை முழுவதும் கிளறாமல், குறித்த இடத்தில் நேராகத் தோண்டினார்கள். அண்டை வீட்டாரைப் பற்றிய சாதாரண அறிவு, அன்று எந்த நுண்கருவியையும் மிஞ்சிய கருவியாக விளங்கியது.

நகரத்தில் இது நடவாது என்று சொல்வதற்கில்லை. கோபேயின் நகாதா வட்டாரத்தில் தெருத்தெருவாக எரிந்துகொண்டிருந்தபோது, அவ்வட்டாரத்தைச் சேர்ந்த மானோ என்னும் பகுதியில் குடியிருந்தோர் வரிசையாக நின்று வாளிவாளியாகத் தண்ணீரைக் கைமாற்றியும், அங்கிருந்த தொழிற்சாலை ஒன்றின் தீயணைப்புக் குழுவின் பம்புகளைத் துணைகொண்டும் தீயைத் தடுத்து நிறுத்தினார்கள். 1960-களிலேயே தொழிற்சாலைப் புகைக்கு எதிராக ஒன்றுகூடி, அன்று தொட்டுத் தங்கள் தெருக்களைத் தாங்களே கூடிப் பேசிச் சீரமைத்து வந்த ஜனங்கள் அவர்கள். பூகம்பத்தை எண்ணி அவர்கள் கூடவில்லை. எனினும், கூடியிருந்த பழக்கம் பூகம்பத்தில் உதவிற்று.

இதனால்தான் ஜப்பானில் தெருதோறும் ஆபத்துத் தடுப்புக் குழுக்களை ஏற்படுத்தி, பொதுக் கொட்டகையில் ஜாக்கி, ரம்பம், கடப்பாரை, கயிறு, டோலி, சிறு பம்பு ஆகியவற்றை வைக்கிறார்கள். தனியே நடமாட இயலாத முதியோர், கர்ப்பிணிகள், கண் காது குறைபாடுள்ளோர் ஆகியவர்களை அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்து, இன்னாரை இன்னார் அழைத்து வருவது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறார்கள். ஒத்திகை நாளில் பெரிய பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சி எல்லோரும் ஒன்றாக உண்பதும் விளையாட்டன்று. நூறு பேருக்குச் சமைக்கும் அடுப்பும் விறகும் தண்ணீரும் எங்கே கிடைக்கும் என்பதைக் கற்பது அதனால்தான்.

கடலோரத்தில்

சமுத்திரத்தின் அடியில் நிகழும் பூகம்பம் கடலையே தூக்கி எறிகிறது. ஜப்பானின் வடகிழக்கிலுள்ள சான்ரிக்கு கடற்கரையில் 1896 ஜூன் 15 அன்று மாலை உணரப்பட்ட அதிர்ச்சி லேசானது, எவரும் பொருட்படுத்தவில்லை. அரைமணி நேரத்துக்குப் பின் வந்த சுனாமியில் சுமார் 22,000 பேர் மாண்டனர். குழந்தையைத் தேடித் தாயும், தாயைத் தேடி மகனும் திரும்பி ஓடியதால் குடும்பம் குடும்பமாக அழிந்த அவ்வூர்களில், கடல் பொங்கும்போது ஒருவர் மற்றொருவருக்குக் காத்திராமல் அவரவர் மேட்டுக்கு ஓட வேண்டும் என்ற கடுமையான உபதேசம் தலைமுறைகளாக நிலைத்தது. இது அன்பற்ற உபதேசமன்று. என் பிள்ளை தானே ஓடியிருப்பான் என்று தாய் நம்பினால்தான் அவள் ஓடுவாள். அந்த நம்பிக்கை முன்பே வீட்டில் பேசித் தீர்மானிக்கப்பட்டிருந்தால்தான் உண்டாகும்.

அக்கடற்கரையிலுள்ள காமாயிஷி நகரத்துப் பள்ளிகளில், குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் கத்தாதா தோஷித்தாக்காவின் வழிகாட்டுதலில், இந்த உபதேசத்தைப் பாடமாக்கினார்கள். அபாய வரைபடத்தில் உன் வீடு பத்திரமான நிறத்தில் இருப்பதை நம்பிவிடாதே, அன்றைய நிலையில் உன்னால் ஆன மட்டும் செய், மற்றவர் ஓடக் காத்திராமல் முதலில் நீ ஓடு என்ற மூன்றையும் மாணவர் கற்றனர். 2011 மார்ச் 11 பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்கு நிலம் அதிர்ந்து அடங்கியதும், கடலை ஒட்டிய நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடத் தொடங்கினர். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் மாடிக்கு ஏறியிருந்த சிறுவர்கள் அவர்கள் ஓடுவதைக் கண்டு இறங்கி உடன் ஓடினர். முதலில் சேர்ந்த இடத்துக்குப் பின்னால் குன்றுச் சரிவு இடிந்திருப்பதைக் கண்டு, அங்கேயே நிற்காமல், பெரியவர் சிறியவரின் கையைப் பற்றிக்கொண்டு இன்னும் மேலே போனார்கள். அதற்கும் மேலே போனார்கள். அவர்கள் நின்றுவிட்டுச் சென்ற இடங்களையும் கடல் மூழ்கடித்தது. அந்நகரில் பள்ளிகளின் பொறுப்பில் இருந்த ஏறத்தாழ 3,000 பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

அதே நகரத்தின் அதே பகுதியில், நேர்மாறான ஒரு துக்கமும் நிகழ்ந்தது. முதியோர்க்கு மேடேறுவது சிரமம் என்று, சௌகரியத்துக்காகத் தாழ்வான இடத்து இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றிலே சுனாமி ஒத்திகையை நடத்தி வந்தார்கள். ஒத்திகையில் எங்கே வந்தார்களோ அங்கேயே அன்றும் வந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் அக்கட்டடத்தில் மாண்டனர். ஒத்திகை கால்களுக்கு வழியைக் கற்பிக்கிறது. தவறான வழியையும் அதே உறுதியோடு கற்பித்துவிடுகிறது. வருவோரின் எண்ணிக்கை குறைந்தாலும், மெய்யான இடத்துக்கு, மெய்யான மேட்டுக்கு ஒத்திகை நடத்துவதே தர்மம்.

தமிழகக் கடற்கரையும் ஈழத்துக் கடற்கரையும் இவ்வுண்மையை 2004 டிசம்பர் 26 அன்று அனுபவித்தன. சுமத்ராவுக்கு அப்பால் நிலம் பிளந்த பிறகு அலை நாகப்பட்டினத்தை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. இந்துமகா சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை ஏற்பாடு ஒன்றும் இல்லாததால் அந்த அவகாசம் முழுவதும் வீணாயிற்று. அதே நாளில், பூகம்பத்துக்கு மிக அருகிலிருந்த சிமிலுவே தீவை அலை பத்து நிமிஷ அளவிலேயே தாக்கியபோதிலும், சுமார் 78,000 ஜனங்களில் மாண்டவர் ஏழே பேர். 1907-இல் நிகழ்ந்த சுனாமியைப் பற்றிப் பாட்டன் பாட்டிமார் சொல்லி வந்த கதையே அவர்களை மலைக்கு ஓடச் செய்தது. இன்று ஐதராபாத்திலுள்ள நிலையம் 2007 முதல் நம் கரைகளுக்கு எச்சரிக்கை வழங்கி வருகிறது. எனினும், நம் கரைக்கு வரக்கூடிய சுனாமி தொலைவிலிருந்து வருவதாகையால், நிலநடுக்கம் நம் காலுக்குத் தெரியாமலே போகலாம். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாமல் திரும்பி ஓட வேண்டும் என்பதைக் குழந்தைக்குச் சொல்லி வைப்பது பெற்றோர் கடமையே.

குடும்பம் பேசி வைக்க வேண்டியவை

ஒரு மாலை வேளையில் குடும்பத்தார் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயங்கள் சில உண்டு. பகலில் ஆளுக்கோர் இடத்தில் இருக்கும்போது ஆபத்து நேர்ந்தால் எங்கே சந்திப்பது, அவ்விடம் அழிந்துவிட்டால் அடுத்த இடம் எது, வெளியூரிலுள்ள எந்த உறவினருக்கு ஒவ்வொருவரும் தாம் நலம் என்று செய்தி சொல்வது என்பவை முதலாவன. ஊருக்குள் தொலைபேசி கிடைக்காத நேரத்திலும் தொலைவூருக்குக் கிடைப்பதுண்டு; ஜப்பானியர் 1998 முதல் 171 என்ற எண்ணில் குரலைப் பதிந்து வைக்கவும் கேட்கவும் வசதி செய்திருக்கிறார்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் வீதம் மூன்று நாளைக்கேனும் வேண்டும். முடிந்தால் ஒரு வாரத்துக்கு. உணவுக்கெனத் தனியே வாங்கி மறந்து வைப்பதைவிட, அன்றாடம் உண்பதையே சற்று அதிகமாக வாங்கி, பழையதை உண்டு புதியதை நிரப்பி வருவது சாலச் சிறந்தது. நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து, மூக்குக் கண்ணாடி, கைக்குழந்தையின் பால், பத்திரங்களின் பிரதி, மின்சாரம் இல்லாதபோது கடையில் கொடுக்கச் சில்லறைக் காசு, பாட்டரி வானொலி ஆகியவை ஒரு பையில் இருக்க வேண்டும். கழிப்பிட வசதியைப் பற்றிப் பேசக் கூச்சப்படலாகாது. கோபேயின் அடைக்கல முகாம்களில் கழிப்பிடங்கள் சீர்கெட்டபோது, அங்கே போவதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட முதியோர் பலர் நோயுற்றனர். இவ்வேற்பாடுகளில் பூகம்பத்துக்கு மட்டுமே பயன்படுவது அநேகமாக ஒன்றுமில்லை. வெள்ளத்திலும் புயலிலும் இதே பையும் இதே பேச்சும்தான் துணை.

அதிர்ச்சி அடங்கிய பின்னர்

இடிபாட்டிலிருந்து எடுத்துவிட்டதோடு காப்பாற்றும் வேலை முடிவதில்லை. கோபேயில் வீடிழந்தோர்க்குத் தற்காலிக வீடுகளைச் சீட்டுக் குலுக்கி வழங்கினார்கள். முதியோர்க்கு முன்னுரிமை அளித்தார்கள். நோக்கம் நேர்மையானது. ஆனால், ஆயுள் முழுவதும் அறிந்தவர்களிடமிருந்து பிரிந்து, தொலைவிலுள்ள புதிய இடத்தில் முன்பின் அறியாதவர் நடுவே வாழ நேர்ந்த முதியோர் பலர், தனிமையில் இறந்து, இறந்ததும் தெரியாமல் கிடந்தனர். பூகம்பத்திலிருந்து அவர்களைக் காத்த அண்டை வீட்டாரைப் பின்னர் அவர்களிடமிருந்து பறித்துவிட்டதன் பலன் அது. 2004 அக்டோபரில் நீகாத்தா மாகாணத்தில் பூகம்பம் நேர்ந்தபோது இப்பாடம் நினைவில் இருந்தது. யாமக்கோஷி என்ற மலைக்கிராமத்தார் அனைவரையும் ஹெலிகாப்டரில் இறக்கி நகாஓக்கா நகரத்தில் தங்கவைத்தவர்கள், முதலில் வந்த வரிசைப்படி கலந்துபோயிருந்த குடும்பங்களை மறுபடியும் பிரித்து, ஒவ்வொரு சிற்றூரார் ஒன்றாக இருக்கும்படி மாற்றியமைத்தார்கள். தற்காலிக வீடுகளையும் அவ்வாறே பகிர்ந்தளித்தார்கள். ஊரைவிட்டு வந்தபோதும் ஊர் கலையவில்லை.

இவ்வளவும் சேர்ந்து உணர்த்தும் உண்மை ஒன்றே. கட்டட விதிகளை வகுப்பதும், கருவிகளை நிறுவுவதும், படைகளைப் பயிற்றுவதும் அரசாங்கத்தின் கடமைகள். அவற்றைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் உரிமை. ஆனால் முதல் நிமிஷத்தில் நம்மைக் காப்பது சுவரோடு முடுக்கிய அலமாரி; முதல் மணிநேரத்தில் காப்பவர் நம் பெயரும் நாம் படுக்கும் அறையும் அறிந்த அண்டை வீட்டார்; பிறகு வரும் நீண்ட மாதங்களில் காப்பது அவர்களோடு கலையாமல் வாழ்தல். இவற்றுள் ஒன்றையேனும் ஆபத்து வந்த பிறகு சம்பாதிக்க முடியாது. ஆபத்து வராத நாளிலோ ஒவ்வொன்றும் ஏழைக்கும் எட்டக்கூடியதே. ஆகவே, ஒரு தெருவில் வாழ்வோர் இன்னும் ஒருவரையொருவர் அறியாதிருந்தால், பூகம்பத்துக்கு ஆயத்தம் செய்ய விரும்புகிறவர் முதற்காரியமாக அடுத்த வீட்டுக்குப் போய், அங்கே யார் யார் இருக்கிறார்கள், நடக்க முடியாதவர் எவரேனும் உண்டா என்று விசாரித்து வரட்டும். தம் வீட்டைப் பற்றியும் அவர்களிடம் சொல்லி வரட்டும்.